வலை விரித்தவனும் இலை விரித்தவனும்

சட்டத்தை மீறுகிறவன் யார் என்று கேட்டால் நாம் எல்லோரும் ஒரே திசையில்தான் விரலை நீட்டுகிறோம். கள்ளச் சாராயமா? காய்ச்சியவனைப் பிடி. திருட்டு நகையா? திருடியவனைப் பிடி. ஏரியில் காட்டுத் தாரா பிடித்தார்களா? வலை விரித்தவனைப் பிடி. காய்ச்சியதைக் குடித்தவனும், திருட்டு நகை என்று தெரிந்தே பாதி விலைக்கு வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டியவனும், பிடித்து வந்த தாராவை மிளகு போட்டு வறுத்து இலையில் பரிமாறிக் கொண்டவனும் நம் கண்ணில் படுவதே இல்லை. படாததற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் வெளுத்த சட்டை போட்டிருக்கிறார்கள். நம்மோடு கை குலுக்குகிறார்கள். கல்யாணப் பந்தியில் நமக்குப் பக்கத்து இலையில் உட்காருகிறார்கள்.

அவர்களைப் பற்றித்தான் இங்கே எழுத வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு சிறுகதையில், காட்டுத் தாரா வாங்குவதற்காகவே மார்கழி மாதத்தில் காரை எடுத்துக் கொண்டு ஏரிக்கரைக்குப் போகும் வக்கீல் ஒருவர் வருகிறார். பகலெல்லாம் கோர்ட்டில் சட்டம் பேசிவிட்டு ராத்திரி வீட்டில் அதே சட்டத்தைக் கறி சமைத்துச் சாப்பிடுகிறார் என்று அவரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்காகக் கடிதங்கள் வந்தன. கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தாராக் கறியைப் பற்றித்தான் அத்தனை பேருக்கும் ஆட்சேபம். இரண்டு பறவையில் என்ன குடி முழுகிப் போயிற்று என்றார் ஒருவர். எங்கோ சைபீரியாவிலிருந்து வருகிற பறவைக்கு நாம் ஏன் அழ வேண்டும் என்றார் இன்னொருவர். வலைக்காரன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறீர் என்று ஏழைகளுக்காகக் கண்ணீர் வடித்தார் மூன்றாமவர். கோழி தின்னலாம், தாரா தின்னக் கூடாதா என்றார் நாலாமவர். அமெரிக்காவில் பெரிய பெரிய கனவான்களெல்லாம் துப்பாக்கியும் கையுமாக வாத்து வேட்டைக்குப் போகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர் என்று மடக்கினார் ஐந்தாமவர்.

ஐந்து பேரும் படித்தவர்கள். கையெழுத்தும் மொழியும் அதைச் சொல்கின்றன. ஆகவே ஐவருக்கும் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. அதற்கு முன் விஷயம் என்ன என்பதைக் கொஞ்சம் பார்த்து விடுவோம்.

ஐப்பசி பிறந்து மழை விழுந்து ஏரிகள் நிரம்பத் தொடங்கும்போது வடக்கேயிருந்து பறவைகள் வருகின்றன. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை என்று பறவை நூல்களில் தனித்தனிப் பெயர் உண்டு. கிராமத்தில் பொதுவாகத் தாரா என்றோ சிறவி என்றோ சொல்லி முடித்து விடுவார்கள். திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரிக்குப் பக்கத்திலுள்ள கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வருகிறது. வெள்ளைத் தலையில் பின்பக்கமாக இரண்டு கறுப்புப் பட்டை போட்டிருக்கும் பெரிய வாத்து அது. மங்கோலியாவிலும் திபெத்திலும் உள்ள ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது. ஏழாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில்கூட அது பறந்ததை விஞ்ஞானிகள் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். மனிதனுக்கு மூச்சு முட்டும் உயரம் அது. அப்படி வந்த பறவை நம் ஏரியில் இறங்கி, நம் வயலோரத்தில் மேய்ந்து, பங்குனி வாக்கில் திரும்பிப் போகிறது.

போகிறது என்று எழுதினேன். எல்லாம் போவதில்லை.

அந்தி நேரத்தில் வயலை நோக்கித் தாழப் பறந்து வரும் பாதையில் நைலான் வலை கட்டுகிறார்கள். கரையோரத்தில் கண்ணி வைக்கிறார்கள். பறவையின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டு, இங்கே உன் இனம் இருக்கிறது, இறங்கு என்று கூப்பிடுகிறார்கள். இன்னும் சிலர் பூச்சி மருந்தில் ஊற வைத்த நெல்லைத் தூவிவிட்டு விடியற்காலையில் வந்து பொறுக்கிக் கொண்டு போகிறார்கள். பிறகு காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டோ, சாக்குப் பையில் மறைத்தோ, சாலையோரத்தில் நிற்கிறார்கள். அங்கே கார் வந்து நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் லைசென்ஸ் வாங்கிச் சில பறவைகளையும் மிருகங்களையும் வேட்டையாட இடம் கொடுத்தது. 1991-ல் அந்த வாசலும் அடைபட்டது. இன்றைக்கு இந்தியாவில் பொழுதுபோக்குக்காகவோ சாப்பாட்டுக்காகவோ ஒரு காட்டு வாத்தைக் கொல்ல எவருக்கும் அனுமதிச் சீட்டுக் கிடையாது. கொல்வது மட்டுமல்ல; வலை வைப்பது, கண்ணி வைப்பது, இரை தூவிப் பிடிப்பது, விஷம் வைப்பது, முட்டையையும் கூட்டையும் கலைப்பது எல்லாமே 'வேட்டை' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கம். முயற்சி செய்தாலே போதும், குற்றம். தண்டனை மூன்று வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தின் உச்ச வரம்பை 2022-ல் ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை.

இதுவரை பலருக்கும் தெரியும். தெரியாதது போல் பாவனை செய்கிற பகுதி ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் வலை விரித்தவனோடு நின்றுவிடவில்லை. காட்டுப் பறவையையோ அதன் கறியையோ விலைக்கு வாங்குவதையும் அது தடுக்கிறது. சாப்பாட்டு விடுதியில் அதைச் சமைத்துப் பரிமாறுவதையும் தடுக்கிறது. அதாவது சட்டத்தின் முன்னால் வலைக்காரனும், ஹோட்டல் முதலாளியும், ரோட்டோரத்தில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பேரம் பேசுகிறவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஆனால் பத்திரிகையில் வருகிற படத்தைப் பாருங்கள். கீழே செத்த பறவைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். பின்னால் அழுக்கு லுங்கியோடு இரண்டு பேர் தலையைக் குனிந்து கொண்டு நிற்பார்கள். வாங்க வந்தவரை அந்தப் படத்தில் நான் பார்த்ததில்லை.

ஒரு ஜில்லாத் தலைநகரில் சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய மனிதர் வீட்டில் விருந்து. ஊரில் மதிப்புள்ளவர், நல்ல படிப்பாளி, என் நாவல்களைப் படித்தவர் வேறே. இலை போட்டதும் என் பக்கம் சாய்ந்து ரகசியம் போலச் சொன்னார்: "சார், இன்னிக்கு உங்களுக்காகவே ஸ்பெஷலா வரவழைச்சிருக்கேன். அசல் ஏரித் தாரா. கடையிலே கிடைக்காது. நம்ம ஆள் ஒருத்தன் இருக்கான், ராத்திரியிலே கொண்டு வந்து பின்பக்கமாக் கொடுத்துட்டுப் போவான்."

"அவன் பிடிபட்டால்?" என்று கேட்டேன்.

"யாரு?"

"உங்கள் ஆள்."

அவர் சிரித்தார். "அவன் பிடிபட்டா நமக்கென்ன சார்? அவன் யாரோ, நாம யாரோ!"

நான் அந்தக் கறியைத் தொடவில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. அவர் பேச்சிலே இருந்த விசித்திரத்தைச் சொல்ல வந்தேன். கறி வருகிற வரைக்கும் அவன் 'நம்ம ஆள்'. காக்கிச் சட்டை வந்ததும் அவன் 'யாரோ'. ஒரே நிமிஷத்தில் ஒரு மனிதனைச் சொந்தமாக்கி, அடுத்த நிமிஷமே அவனைக் கைகழுவ நம் நடுத்தர வர்க்கத்துக்கு எத்தனை சுலபமாக வருகிறது! சாக்கை மட்டும் உள்ளே வாங்கிக் கொண்டு ஆளை வெளியே விடுவதற்காகத்தானே வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஒரு வாசல் இருக்கிறது!

இனிக் கடிதக்காரர்களுக்கு வருகிறேன்.

இரண்டு பறவையில் என்ன கெட்டது என்கிறார் முதலாமவர். இந்தக் கணக்கை எல்லாக் காரிலும் இருக்கிறவர்கள் போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டே இரண்டுதான். ஒரு பருவத்தில் அந்தச் சாலையில் எத்தனை கார் நிற்கிறது என்று மட்டும் யாரும் எண்ணுவதில்லை. அந்தக் காலத்துச் சீமான்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட யோக்கியர்கள் என்று சொல்லலாம். ராஜஸ்தானத்தில் பரத்பூர் ஏரியில் 1938-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 12-ஆம் தேதி வைசிராய் லின்லித்கோ பிரபுவின் கோஷ்டி ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டுத் தள்ளியது. எண்ணிக் கல்லிலே வெட்டி வைத்தார்கள். அந்தக் கணக்குகள் இன்றும் அங்கே நிற்கின்றன. பாவத்தைச் செய்தார்கள், கணக்கையும் எழுதி வைத்தார்கள். நம் கணக்கு எந்தக் கல்லிலும் இல்லை. வலைக்காரனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பரத்பூர் பிற்பாடு தேசியப் பூங்காவாயிற்று. 1985-ல் உலகப் பாரம்பரியச் சின்னமும் ஆயிற்று. ராஜாவே துப்பாக்கியை வைத்துவிட்ட பிறகு, ராஜாவின் நாக்கை மட்டும் நாம் சுவீகாரம் எடுத்துக் கொண்டிருக்கிறோம்.

அயல்நாட்டுப் பறவைக்கு ஏன் அழ வேண்டும் என்கிறார் இரண்டாமவர். வருஷத்தில் பாதி நாள் நம் ஏரியில் இருக்கிற பறவை எப்படி அயல்நாட்டுப் பறவை ஆகும்? கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் நெடுங்காலமாகப் பறவைகளின் காலில் வளையம் மாட்டி விட்டு, அவை எங்கே போகின்றன, எங்கிருந்து வருகின்றன என்று பதிந்து வந்திருக்கிறார்கள். இந்தப் பறவைக்கு நம் ஏரியும் வீடு; வடக்கேயுள்ள ஏரியும் வீடு. இடையில் தங்குகிற ஏரிகள் சத்திரம். சத்திரத்தில் ஒருவன் கத்தியோடு உட்கார்ந்திருந்தால் இரண்டு வீடும் காலி. இதே வாதம் அமெரிக்காவில் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. என் எல்லைக்குள் பறக்கிற பறவை எனக்குச் சொந்தம், மத்திய சர்க்கார் அதற்குச் சட்டம் போடக் கூடாது என்று மிஸௌரி மாநிலம் வழக்காடியது. 1920-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் அதைத் தள்ளினார். நேற்று வராத, நாளைக்கு வேறு மாநிலத்துக்குப் போய்விடுகிற பறவைக்கு ஒரு மாநிலம் எப்படிச் சொந்தம் கொண்டாடும் என்பதே அவர் தீர்ப்பின் சாரம். ஒரு மாநிலத்துக்கே இல்லாத உரிமை, கார் வைத்திருக்கிற ஒரு கனவானுக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் சுடுகிறார்களே என்று மடக்கிய ஐந்தாமவரையும் இந்த இடத்திலேயே கவனித்து விடலாம். உண்மைதான், சுடுகிறார்கள். ஆனால் எப்படிச் சுடுகிறார்கள் என்பதை அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்கே கட்டுப்பாடே இல்லை. படகிலே பீரங்கி மாதிரி ஒரு துப்பாக்கியைக் கட்டி, தண்ணீரில் உறங்கும் வாத்துக் கூட்டத்தை ஒரே வெடியில் குவியலாகச் சாய்த்து, பீப்பாயில் அடைத்து நகரத்து ஹோட்டல்களுக்கு அனுப்பினார்கள். கான்வாஸ்பாக் என்ற வாத்து பெரிய விடுதிகளின் சாப்பாட்டுப் பட்டியலில் கௌரவச் சின்னமாக இருந்தது. லாப்ரடார் வாத்து என்று ஓரினம் அந்த நூற்றாண்டிலேயே பூண்டோடு போயிற்று. வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்பட்ட பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி சின்சின்னாட்டி மிருகக்காட்சிசாலையில் செத்தது.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. கனடாவுக்காக பிரிட்டனோடு 1916-ல் ஒப்பந்தம். 1918-ல் வலசைப் பறவைச் சட்டம். இன்றைக்கு அங்கே வாத்தோ பெருவாத்தோ சுடப் போகிறவன் கையாளும் விதிகளைக் கேளுங்கள். பதினாறு வயது நிரம்பியவன் ஒவ்வொருவனும் லைசென்ஸோடு வாத்து முத்திரை என்று ஒரு தபால்தலை மாதிரியான சீட்டை வாங்க வேண்டும். 1934-ல் அது ஒரு டாலர். முதல் முத்திரையின் படத்தை வரைந்தவர் டார்லிங் என்ற கேலிச்சித்திரக்காரர். இப்போது அதன் விலை 25 டாலர். அதில் டாலருக்கு 98 சென்ட் பறவைகள் தங்கும் நீர்நிலைகளை வாங்கிக் காப்பதற்கே போகிறது. இப்படி இதுவரை காப்பாற்றப்பட்ட நிலம் அறுபது லட்சம் ஏக்கர் அளவுக்கு வந்துவிட்டது. பிறகு அந்த மனிதன் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது. தானியம் தூவி அழைக்கக் கூடாது. உயிருள்ள வாத்தைக் கட்டி வைத்துக் கூப்பிடக் கூடாது. இவையெல்லாம் 1935-லேயே வந்த தடைகள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து அஸ்தமனம் வரைக்கும்தான் சுடலாம். ஒரு நாளைக்கு இன்ன இனத்தில் இத்தனை என்று எண்ணிக்கை உண்டு. சுட்டு விழுந்ததைத் தேடி எடுக்காமல் போவதும் குற்றம். ஈயக் குண்டு கூடாது; தரையில் விழுந்த ஈயத்தைக் கல் என்று நினைத்து விழுங்கி வாத்துகள் விஷமேறிச் சாகின்றன என்பதால் 1991 முதல் நாடு முழுவதும் அதை நிறுத்தி விட்டார்கள்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. அதுதான் நமக்கு முக்கியம். சுட்ட காட்டு வாத்தின் கறியை விற்கக் கூடாது. ஒன்றைக்கூட விற்கக் கூடாது. அவன் வீட்டுக்குக் கொண்டு போய்ச் சாப்பிடலாம். கடைக்குக் கொண்டு போகக் கூடாது. துப்பாக்கியை அனுமதித்த தேசமே தராசை அனுமதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏன்? பட்டபாட்டில் அவர்கள் தெரிந்து கொண்டது அதுதான். ஒருவன் தன் வயிற்றுக்காகக் கொல்வதற்கு ஓர் எல்லை உண்டு, ஏனென்றால் வயிற்றுக்கு எல்லை உண்டு. விலைக்காகக் கொல்வதற்கு எல்லை கிடையாது. ஏரி காலியாகிற வரைக்கும் வாங்குகிறவன் இருப்பான். பறவை குறையக் குறைய விலை ஏறும். விலை ஏற ஏற அது அபூர்வ விருந்து என்ற பெருமையும் ஏறும்.

அமெரிக்கர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. அங்கேயும் திருட்டு வேட்டை உண்டு, வழக்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவைக் காட்டி வாதாட வருகிறவர் முழு அமெரிக்காவையும் அல்லவா கொண்டு வர வேண்டும்? துப்பாக்கியை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, முத்திரையையும் மூன்று தோட்டாவையும் விற்பனைத் தடையையும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு வந்தால் எப்படி? இதே நண்பர் அங்கே போய் ரோட்டோரத்தில் காரை நிறுத்தி இரண்டு காட்டு வாத்து கொடு என்று கேட்டிருந்தால், அங்கேயும் அவர் குற்றவாளிதான்.

கோழி தின்னலாம், தாரா தின்னக் கூடாதா என்கிற நாலாமவருக்கு என் பதில் சுருக்கமானது: தாராளமாகத் தின்னுங்கள். இது சைவ அசைவச் சண்டை அல்ல. அறுவடை முடிந்த வயல்களில் நூற்றுக்கணக்கான வாத்துகளை ஒரு கோலோடு ஓட்டிக் கொண்டு ஊர் ஊராகப் போகிற வாத்துக்காரர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சியையும் மேய்ந்து வளர்கிற வாத்து அது. முட்டையும் விற்கிறார்கள், வாத்தும் விற்கிறார்கள். சட்டம் தடுக்கவில்லை. கோழியும் அப்படித்தான், ஒன்றை அறுத்தால் இன்னொன்றை வளர்க்க ஒருவன் இருக்கிறான். ஏரித் தாராவை எவன் வளர்க்கிறான்? தின்றதற்குப் பதிலாக எவன் ஒரு குஞ்சை விட்டான்? வளர்ப்பு வாத்தில் ருசி இல்லை, காட்டுத் தாராவில்தான் இருக்கிறது என்பவர்களுக்கு உண்மையில் ருசிப்பது கறியல்ல. மற்றவனுக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைத்தது என்ற நினைப்பு.

இழுப்புக்கு நல்லது, மூலத்துக்கு நல்லது என்று மருந்துப் பெயர் சொல்லித் தின்கிறவர்களும் இருக்கிறார்கள். பூச்சி மருந்து நெல்லைத் தின்று செத்த பறவைக்கும் வலையில் விழுந்த பறவைக்கும் சாக்குப் பைக்குள் வித்தியாசம் தெரியாது. மருந்து என்று நினைத்துக் குழந்தைக்கு ஊட்டுகிற கவளத்தில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டுக் கொள்வது நல்லது.

கடைசியாக, வலைக்காரனுக்காகக் கண்ணீர் வடித்த மூன்றாமவர். இவருக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் இவர் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது.

பறவை பிடிப்பது தலைமுறை தலைமுறையாக ஒரு பிழைப்பாக இருந்தது. குருவிக்காரர் என்று ஒரு கூட்டத்தாருக்கு அந்தத் தொழிலைக் கொண்டே பெயர் வைத்தோம். சட்டம் வந்து தொழிலை எடுத்துக் கொண்டது. பெயரை விட்டு வைத்தது. பதிலுக்கு என்ன கொடுத்தோம்? ஊசி மணியும் பாசி மணியும் விற்றுக் கொண்டு பஸ் நிலையத்தில் படுத்திருப்பதைப் பார்த்துக் கொண்டு போனோம். நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023-ல்தான் அமலுக்கு வந்தது. இத்தனைக்கும் இன்று ஏரியில் நைலான் வலை கட்டுகிறவர்கள் அவர்கள் மட்டுமல்ல; பல ஊர்களில் பல சாதிக்காரர்களும் உண்டு. ஆனால் எங்கே இரண்டு இறகு கிடந்தாலும் சந்தேகம் முதலில் அந்தக் கூடாரத்துக்குத்தான் போகிறது.

ஆகவே வலைக்காரனுக்கு மாற்றுப் பிழைப்பு வேண்டும் என்று அவர் சொன்னால் நான் அவரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன். ஏரியையும் பறவையையும் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? சரணாலயத்துக்குக் காவலனாக, வழிகாட்டியாக, பறவைக் கணக்கெடுக்க உதவுகிறவனாக அவனை ஏன் வைக்கக் கூடாது? ஆனால் என் நண்பர் அதைச் சொல்லவில்லை. அவன் பிழைக்க வேண்டுமானால் நான் தாரா தின்ன வேண்டும் என்கிறார். அவனுக்குக் கிடைப்பது சில நூறு ரூபாய். பிடிபட்டால் ஜெயில், வக்கீல் கூலி, வட்டிக் கடன். இவருக்குக் கிடைப்பது விருந்து. பிடிபட்டால் ஒன்றுமில்லை, இவர் 'யாரோ'. ஒருவன் தலையில் கத்தியைத் தொங்க விட்டு அதன் கீழே நிற்பதற்குக் கூலி கொடுப்பதை இரக்கம் என்று சொல்வது எனக்குப் புரியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் சிலர், இந்தச் சட்டமெல்லாம் டில்லியில் உட்கார்ந்து எழுதியது, நம் ஊர் வழக்கத்துக்கு ஒத்து வராது என்பார்கள். அவர்கள் வேடந்தாங்கலுக்குப் போய் வர வேண்டும். ஏரிக்கு வருகிற பறவைகளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று அந்த ஊர்க் குடியானவர்கள் செங்கற்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, யாரும் சுடக் கூடாது என்று கவுல் வாங்கியது 1798-ஆம் வருஷத்தையொட்டி. 1858-ல் மறுபடியும் போய் அதை உறுதி செய்து கொண்டார்கள். பறவைகளைக் காக்க இந்தியாவில் வெள்ளைக்கார சர்க்கார் முதல் முதலாகப் பொதுச் சட்டம் போட்டது 1887-ல். அதுவும் குஞ்சு பொரிக்கும் காலத்தில் நகர எல்லைக்குள் விற்காதே என்கிற அளவுதான். 1912-ல் வந்த சட்டமும் இன்ன மாதம் சுடாதே, மற்ற மாதம் சுடு என்றது. அடுத்த வருஷ வேட்டைக்குப் பறவை மிஞ்ச வேண்டுமே என்ற கவலையில் பிறந்த சட்டம். சர்க்காரின் முதல் சட்டத்துக்கு 89 வருஷம் முந்தியே வேடந்தாங்கல் விவசாயி, எந்த மாதமும் சுடாதே என்று கேட்டு வாங்கி வைத்திருந்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவனுக்குத் தெரியும். அவன் தர்மத்தையும் பார்த்தான், லாபத்தையும் பார்த்தான். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதைக் கண்டு கொள்கிற புத்தி அவனுக்கு இருந்தது.

கூந்தன்குளத்திலும், சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி ஏரியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியிலும், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். குழந்தைகளின் கையிலிருந்து ஓலைவெடியை வாங்கி வைத்துவிட்டு, 'பாவம், பட்சி இருக்கு' என்று சமாதானம் சொல்கிற தாய்மார்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் 1972-ஆம் வருஷத்துச் சட்டத்தைப் படித்திருப்பார்கள்? படித்தவர்கள் நாம். விதி எண்ணும் உட்பிரிவும் சொல்லத் தெரிந்தவர்கள் நாம். அவர்கள் ஒரு பண்டிகையின் சத்தத்தையே விட்டுக் கொடுக்கிறார்கள். நம்மால் ஒரு வேளைக் கறியை விட முடியவில்லை.

சட்டத்தைக் காப்பாற்றுவதற்கு ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு வனக் காவலரை நிறுத்த முடியாது. இருட்டும் சேறும் கோரைப் புல்லும் நிறைந்த இடத்தில் ஒரு வலையைக் கண்டுபிடிக்க எத்தனை பேர் வேண்டும்! ஆனால் அந்த வலையை அறுக்க ஏரிக்கே போக வேண்டியதில்லை. சாலையில் கார் நிற்காவிட்டால் போதும். ஹோட்டலில் ரகசியமாகக் கேட்கிற குரல் ஓய்ந்தால் போதும். விருந்துக்குக் கூப்பிட்டவர் காதோடு சொல்லும்போது, 'ஐயா, இது வேண்டாம். இது சட்ட விரோதம், எடுத்து விடுங்கள்' என்று பந்தியில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டு வாங்கிக் கொள்கிற தைரியம் ஒருவருக்கு இருந்தால் போதும். ரோட்டோரத்தில் பறவை விற்பதைக் கண்டால் வனத்துறைக்கு ஒரு போன். அதோடு, வாங்க வந்தவரின் கார் நம்பரையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே ஒரு கனவானின் படம், செத்த பறவைகளுக்குப் பின்னால், பத்திரிகையில் வரட்டும். அடுத்த வாரமே அந்தச் சாலையில் வியாபாரம் படுத்துவிடும்.

வலை விரித்தவன் பசிக்காக விரித்தான் என்று நாளைக்கு ஒரு நீதிபதி இரக்கம் காட்டினாலும் காட்டலாம். இலை விரித்தவருக்கு எந்தப் பசி இருந்தது?